கை நனையாத விருந்து

"நான் அங்கை சைவம்," என்றார் இவர், என் வீட்டுக்காரர்.

மொன்றியல் போகும் பஸ் கிங்ஸ்டனைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஸ்கார்பரோவில் விடிய எழும்பி நான் பொரித்துக் கட்டிய மட்டன் ரோல்ஸில் ஒன்றை அப்போதுதான் அவரிடம் கொடுத்திருந்தேன். அதை முழுதாகத் தின்று, விரலைத் துடைத்து, கடதாசியை மடித்து முன்சீட்டுப் பைக்குள் செருகிவிட்டுத்தான் மனிதர் இதைச் சொன்னார்.

"எங்கை சைவம்?"

"அந்தப் பெடியன் வீட்டிலை. நாளைக்கு. அப்பா மச்சம் மாமிசம் தொடமாட்டார் எண்டு அவையளுக்குச் சொல்லச் சொல்லி மகளிட்டைச் சொல்லிப்போட்டன்."

"உங்களுக்கென்ன விசரோ?" என்று கேட்டேன். எனக்குக் குரல் கொஞ்சம் பெரியது. பக்கத்து வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

எங்கள் பேச்சில் சைவம் என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கும். கும்பிடுகிறதும் சைவம், மரக்கறி சாப்பிடுகிறதும் சைவம். கும்பிடுகிற விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் பரம்பரைச் சைவம்தான். சாப்பாட்டு விஷயத்தில் இவர் வெள்ளிக்கிழமை மட்டும் சைவம், அதுவும் நான் பார்த்துக்கொண்டு நின்றால். பன்றி இறைச்சியை எனக்குப் பழக்கியதே இவர்தான். அந்தக் காலத்தில் மொன்றியலுக்குப் பக்கத்தில் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை செய்துகொண்டு, மன்னார்க் கத்தோலிக்கப் பெடியங்களோடு ஓர் அறையில் இருந்தவர். அவர்கள் மிளகும் வினாகிரியும் விட்டு வறுக்கிற பன்றியில் ஆள் மயங்கிவிட்டார். கலியாணம் முடித்து நான் வந்திறங்கிய புதிதில் அதையே எனக்கும் சமைத்துத் தந்து, நான் கோப்பையை வழித்துச் சாப்பிட்ட பிறகுதான் என்ன இறைச்சி என்று வாயைத் திறந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபம் ஆறினதும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.

அப்படிப்பட்ட ஆள்தான் திடீரென்று சைவமாகிவிட்டார். காரணம் எனக்குத் தெரியாததல்ல. எங்கள் ஒரே மகள் ஒரு ஜப்பான்காரப் பெடியனை விரும்பியிருந்தாள். மொன்றியலுக்குப் படிக்க வந்த பெடியன், இப்போது லொங்குய்யில் விமான எஞ்சின் செய்கிற இடத்தில் வேலை. மகளுக்கும் அங்கேதான் வேலை. நாங்கள் ரொறன்ரோப் பக்கம் வீடு மாறியபோது அவள் மட்டும் மொன்றியலை விட்டு வரமாட்டேன் என்று நின்றதன் ரகசியம் பிறகுதான் விளங்கியது. கோடை தொடங்கும்போதே எங்களிடம் சொல்லிவிட்டாள். "அப்பா ஓம் எண்டு சொன்னாத்தான் செய்வன்" என்றும் சொன்னாள். இவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாப்பம்" என்றார். யாழ்ப்பாணத்துத் தகப்பன்மாரின் "பாப்பம்" எந்தப் பக்கமும் சாயாத சாமான். கோடை போய், இலை கொட்டி, ஸ்னோவும் விழுந்த பிறகும் இவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெடியனைப் பற்றி அவருக்குக் குறை ஒன்றுமில்லை. பயம் ஒன்றுதான் இருந்தது. "கலியாணத்தைக் கட்டிப்போட்டு, எங்கட ஊருக்குப் போறம் எண்டு ஒருநாள் கூட்டிக்கொண்டு போனானெண்டா? ஆர் கேக்கிறது? எங்கை போய்த் தேடுறது?" இதைப் படுக்கையில், சாப்பாட்டு மேசையில், கார் ஓட்டும்போது என்று எத்தனை தரம் என்னிடம் சொல்லியிருப்பார். மகளிடம் மட்டும் சொல்லமாட்டார்.

இப்போது பெடியனின் தாயும் தகப்பனும் ஜப்பானில் ககோஷிமாவிலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்தார்கள். எங்களையும் அழைத்து, தங்கள் ஊர்ப் பேர்போன பன்றி இறைச்சிச் சட்டியை வைத்து விருந்து தர ஆசை என்றார்கள். போகாமல் இருக்க முடியாது. போனால் சாப்பிடவேண்டும். அங்கேதான் இவருக்குச் சிக்கல்.

எங்கள் வழக்கம் இது: சம்பந்தம் முற்றாகும் முன்னர் மற்ற வீட்டில் கை நனைக்கக்கூடாது. போகலாம், இருக்கலாம், கதைக்கலாம். சாப்பாட்டில் கை வைத்தால் சம்மதம் என்று பொருள். இந்தக் காலத்தில் இதை யார் பார்க்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். இவர் பார்ப்பார். முன்பு இவருடைய தம்பிக்கு டோர்வலில் ஒரு வீட்டில் பொம்பிளை பார்க்கப் போனோம். அந்த வீட்டார் மேசை நிறைய ரோல்ஸும் பற்றிஸும் கேக்கும் பரப்பி வைத்திருந்தார்கள். தம்பியின் முகத்தில் இன்னும் முடிவு தெரியவில்லை. சின்னப் பிள்ளையான எங்கள் மகள் ஒரு ரோல்ஸுக்குக் கையை நீட்ட, இவர் அந்தக் கையை எட்டிப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தம்பி தலையாட்டும் வரை விடவேயில்லை. பிள்ளையின் கண் அந்த மேசையை விட்டு அசையாமல் இருந்தது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"சைவமெண்டு சொன்னா இறைச்சி தரமாட்டினம். நான் சும்மா தேத்தண்ணியும் தொடாமல் இருந்திட்டு வந்திடுவன். ஒருத்தருக்கும் மனம் நோகாது," என்றார் பஸ்ஸில்.

"கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு," என்றேன். "நீங்கள் கெட்டிக்காரனுமில்லை."

மகளின் வீட்டில் பையை வைத்த கையோடு, பெடியன் காரைக் கொண்டுவந்து எங்களை ஏற்றிக்கொண்டு புரோசார்ட்டுக்குப் போனான். அவனுடைய தகப்பன் இறைச்சி வாங்கக் காத்துக்கொண்டு நின்றாராம். புரோசார்ட்டில் உள்ள பெரிய சீனக் கடை எங்களுக்குப் பழைய இடம். மொன்றியலில் இருந்த காலத்தில் கணவாயும் நண்டும் வாங்க அங்கேதான் போவோம். உள்ளே நுழைந்ததும் அந்த ஈர மீன் மணம் மூக்கில் ஏறியது. எனக்குப் பெரிய சந்தோஷம்.

பெடியனின் தகப்பன் மெலிந்த மனிதர். ஊரில் படகுச் சேவையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்களைக் கண்டதும் இடுப்பை மடித்து வணங்கினார். இவரும் கையைக் கூப்பினார். அதோடு இருவருக்கும் பொதுவான மொழி தீர்ந்துபோயிற்று. அவருக்கு ஆங்கிலமும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. பெட்டிகளில் சுருட்டி வைத்திருந்த மெல்லிய இறைச்சியை அவர் தூக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, திருப்பி வைத்தார். அவருடைய ஊரில் இதற்கென்றே கறுப்புப் பன்றி வளர்க்கிறார்களாம். அதை விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள். இங்கே இருப்பதில் நல்லதைத் தேடிக் இறைச்சிக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நெடுநேரம் குனிந்து நின்றார்.

இவரும் பக்கத்தில் போய் நின்றார். அந்த மனிதர் ஒரு துண்டைக் காட்டினார். இவர் தலையை ஆட்டி, வேண்டாம் என்றார். பிறகு இவரே இன்னொரு துண்டைக் காட்டினார். இடுப்பை ஒட்டிய நாரிப் பக்கத்து இறைச்சி, ஓரத்தில் வெள்ளைக் கொழுப்பு நல்ல தடிப்பாக ஒரே சீராக இருந்தது. அவர் இவரைத் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துபோயிற்று. இரண்டு பேரும் அந்தத் துண்டைக் காட்டிக் காட்டித் தலையாட்டிக்கொண்டார்கள்.

நான் பின்னாலிருந்து இவருடைய கையில் ஒரு கிள்ளுக் கிள்ளினேன். "இஞ்சருங்கோ, சைவக்காரருக்குப் பண்டியிலை இவ்வளவு ஞானம் எங்கையிருந்து வந்தது?"

"சும்மா இரப்பா," என்று பல்லைக் கடித்தபடி சொல்லிவிட்டு, மீன் தொட்டிகளைப் பார்க்கப் போவது போல நழுவினார்.

மறுநாள் மத்தியானம் மகளோடு மஞ்சள் தட மெட்ரோவில் ஆற்றுக்கு அடியால் லொங்குய்யில் பெடியன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வெளியே காது விறைக்கிற குளிர். கதவைத் திறந்ததுமே ஒரு மணம் வந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"மாசி!" என்றேன்.

எங்கள் மாசிக் கருவாடேதான். சம்பலுக்கு இடித்துப் போடுகிற அதே சாமானை அவர்கள் சீவல் போலச் சீவி, கடற்பாசியோடு சேர்த்து ரசம் இறக்குகிறார்கள். பெடியனின் தாய் அந்தப் பொதியைத் திறந்து என் மூக்கடியில் பிடித்தா. அவவுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். நானும் அவவும் அந்தப் பொதிக்குள் மாறி மாறி மூக்கை நுழைத்துச் சிரித்தோம். ககோஷிமாவில் எரிமலை ஒன்று ஊருக்கு முன்னாலேயே நின்று சாம்பல் தள்ளுமாம். வாசலில் சாம்பல் கூட்டுவது அன்றாட வேலையாம். "உங்களுக்கு ஸ்னோ, எங்களுக்குச் சாம்பல்," என்றா. அந்தப் பெண்ணை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

மேசையைப் பார்த்ததும் இவருடைய முகம் மாறியது. அங்கே இரண்டு சின்ன காஸ் அடுப்புகள், இரண்டு சட்டிகள். ஒன்று எங்கள் எல்லோருக்கும். மற்றது இவர் ஒருவருக்கு. மாசி போடாமல் தனிக் கடற்பாசியில் இறக்கிய ரசம், பக்கத்தில் தோஃபு, நாலைந்து வகைக் காளான், சீன முட்டைக்கோவா, லீக்ஸ், கரட்டைப் பூப் போல வெட்டி அடுக்கிய தட்டு. மாசி பட்ட கரண்டி தவறியும் இதில் படக்கூடாது என்று புதுக் கரண்டி வாங்கி, அதன் காம்பில் பச்சை நூல் கட்டி வைத்திருந்தார்கள்.

"அப்பாவுக்காக அவர் காலமை முழுக்க நிண்டு செய்தவர்," என்றாள் மகள். அவர் என்றது பெடியனின் தகப்பனை.

இவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இவ்வளவு செய்து வைத்தவர்களிடம் தேத்தண்ணியும் தொடமாட்டேன் என்று எந்த மனிதன் சொல்லுவான்? உட்கார்ந்தார். வேர்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. கடைசியில் நான்தான் குனிந்து காதுக்குள் சொன்னேன்.

"குச்சியாலைதானே சாப்பிடப் போறியள். கை எங்கை நனையுது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்த அப்புக்காத்துப் போல நிமிர்ந்து இருந்து, இரண்டு குச்சிகளையும் எடுத்து, ஒரு தோஃபுத் துண்டை மிகவும் மரியாதையாகத் தூக்கி வாயில் போட்டுக்கொண்டார்.

இனி என் சங்கதிக்கு வருகிறேன். ஷாபு ஷாபு என்று அந்தச் சாப்பாட்டுக்குப் பெயர். இறைச்சியைச் சுடுரசத்தில் அலசுகிற சத்தமாம் அது. கடதாசி மாதிரிச் சீவிய இறைச்சி, ஓரத்தில் வெள்ளைக் கரை வைத்த சேலைபோலத் தட்டில் விரிந்து கிடந்தது. எனக்கு இந்த முறை தெரியாது. பன்றி இறைச்சி என்றால் நன்றாக அவியவேண்டும் என்று பயந்து பழகிய ஆள் நான். தட்டை அப்படியே சட்டிக்குள் சரித்துவிட்டேன். கறிக்குப் போடுகிற மாதிரித்தான். எல்லோரும் சட்டியைப் பார்த்தார்கள். பிறகு தாய்க்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா, நானும் சிரித்தேன், பெடியன் அவசரமாக எல்லாவற்றையும் அள்ளி எடுத்து என் கோப்பையிலேயே குவித்தான்.

அடுத்த தட்டில் பழகிக்கொண்டேன். ஒரு சீவல், குச்சியில் தூக்கி, ரசத்தில் இப்படியும் அப்படியும் அலசவேண்டும். சிவப்பு மறைந்து வெள்ளையானதும் எடுத்துவிடவேண்டும். அவர்கள் ஊர்ச் சோயா சோஸ் இனிப்பு. அதில் தோய்த்து, பச்சை மிளகாயையும் தேசிக்காய் மாதிரிப் புளிக்கிற ஒரு பழத்தின் தோலையும் உப்போடு அரைத்த விழுதில் துளி தொட்டு வாயில் வைத்தேன். ஐயோ! கொழுப்பு நாக்கில் கரைந்து போய்விட்டது, பிறகு உறைப்பு மெல்ல எழும்பியது, அதன் பின்னால் மாசி வாசம். வெளியே யன்னலில் ஸ்னோ விழுந்துகொண்டிருந்தது. எனக்கு மூக்கில் தண்ணீர் வழிய வழிய, கதையைக் குறைத்துச் சாப்பிட்டேன். என்னைக் கதை குறைக்க வைத்த சாப்பாடு என்று இவர் இப்போதும் ஆட்களிடம் சொல்லுகிறார்.

இவரோ கோவாவைத் தின்றுகொண்டு எங்கள் சட்டியைப் பார்த்தபடி இருந்தார். தான் தெரிந்தெடுத்துக் கொடுத்த நாரி இறைச்சி. அதை வெள்ளைக் கொழுப்போடு நான் ஒவ்வொன்றாகத் தூக்கும்போது அவருடைய கண்ணும் கூடவே ஏறி இறங்கியது. எனக்கு இரக்கமே வரவில்லை. இன்னும் கொஞ்சம் மெதுவாகத் தூக்கினேன்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் திடீரென்று குச்சியை வைத்தார்.

"இஞ்சை பாரப்பா. அந்தாள் ஒண்டும் சாப்பிடேல்லை."

நான் திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். பெடியனின் தகப்பன் தொடக்கத்திலிருந்து பரிமாறுகிற குச்சியால் எல்லோருக்கும் அலசி அலசிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு, மகனுக்கு, எங்கள் மகளுக்கு, எனக்கு. பச்சை நூல் கரண்டியால் இவருக்கும் காளான் எடுத்து வைத்தார். ஆனால் அவருடைய கோப்பை காய்ந்துபோய் இருந்தது. சாப்பிடுகிற குச்சிகள் கடதாசி உறையைவிட்டு வெளியே வரவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு இது தாங்காது. வீட்டுக்காரன் பட்டினி இருக்க விருந்தாளி சாப்பிடுவதா? "ஏன், அவருக்குச் சுகமில்லையோ? கேள் பிள்ளை," என்றார் இவர்.

மகள் கேட்கவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது சிவந்துவிட்டது.

"நான்தான் அப்பா சொன்னனான்," என்றாள். "நீங்கள் சைவம் எண்டு சொல்லச் சொல்லேக்கையே எனக்கு விளங்கீட்டுது. டோர்வலிலை, சித்தப்பாவுக்குப் பொம்பிளை பார்க்கப் போன வீட்டிலை, என்ரை கையைப் பிடிச்சு வைச்சிருந்தனீங்கள். எனக்குச் சரியான பசி. ஏன் எண்டு கேக்க, விருப்பமெண்டாத்தான் கை நனைக்கலாம் எண்டு சொன்னனீங்கள். எனக்கு மறக்கேல்லை. அதை இவனுக்குச் சொன்னன். இவன் தன்ரை அப்பாவுக்குச் சொல்லிப்போட்டான்."

"சொன்னா? அதுக்கு ஏன் அந்தாள் சாப்பிடாமல் இருக்கிறார்?"

மகள் பிரெஞ்சில் பெடியனிடம் கேட்டாள். அவன் தகப்பனிடம் கேட்டான். அந்த மனிதர் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, எங்கள் இவரை நேரே பார்த்து, ஆறுதலாகச் சொன்னார். அது ஜப்பானிய மொழியில் புறப்பட்டு, பிரெஞ்சு வழியாக வந்து, எங்கள் பிள்ளையின் உடைந்த தமிழில் இறங்கியது.

"இது உங்கட முறை எண்டா, ரெண்டு பக்கத்துக்கும் முறைதானே எண்டு சொல்லுறார். நீங்கள் கை நனைக்கிற வரைக்கும் தானும் சாப்பிடமாட்டாராம். குச்சியாலை சாப்பிடுறது கணக்கில்லையாம்." மகள் நிறுத்தினாள். பெடியன் இன்னும் ஏதோ சொன்னான். அவள் குரல் இறங்கிப்போயிற்று. "இவன் திரும்பி ஊருக்குப் போகமாட்டானாம் அப்பா. இஞ்சைதான் இருக்கப்போறனெண்டு அவையளிட்டைச் சொல்லிப்போட்டான். தான் தன்ரை மகனை இஞ்சை விட்டுட்டுப் போறாராம். ஆரிட்டை விட்டுட்டுப் போறன் எண்டு தெரிஞ்ச பிறகு சாப்பிடுறன் எண்டு சொல்லுறார்."

இரண்டு சட்டியும் கொதித்துக்கொண்டிருந்தன. தாய்க்காரி எழும்பி அடுப்பைக் குறைத்தா. நான் என் கோப்பையை மேசையில் வைத்தேன். கோடையிலிருந்து இவர், மகளை எங்கே கொண்டுபோய்விடுவானோ, எங்கே போய்த் தேடுவேன் என்று என் உயிரை எடுத்தாரே, அந்தப் பயத்தின் சொந்தக்காரர் மேசைக்கு மறுபக்கத்தில் பட்டினியாக இருந்தார். இவர் அவரைப் பார்த்தபடியே இருந்தார்.

பிறகு குச்சி இரண்டையும் ஒன்றாக அடுக்கி ஓரத்தில் வைத்தார். சட்டையின் வலது கையை முழங்கை வரை மடித்தார். என் கோப்பையை, நான் வெட்கமில்லாமல் குவித்து வைத்திருந்த பன்றி இறைச்சிக் கோப்பையை, தன் பக்கம் இழுத்தார். ஐந்து விரலையும் சோஸுக்குள் விட்டு, சோறு பிசைந்து எடுக்கிற மாதிரி ஒரு கவளம் எடுத்து, வாயில் வைத்தார்.

"அப்பா!" என்றாள் மகள். "நீங்கள் சைவம்!"

"கும்பிடுறதுக்குத்தான் பிள்ளை," என்றார் வாய் நிறைய இறைச்சியோடு.

அந்த ஜப்பான்கார மனிதர் இவருடைய கையையே பார்த்தார். விரல்களில் இருந்து சோஸ் முழங்கைக்கு வழிந்துகொண்டிருந்தது. அவர் தன் கோப்பையை எடுத்தார், சோஸ் ஊற்றினார், ஒரு சீவலை அலசிப் போட்டார். குச்சியை வைத்துவிட்டு, தன் வாழ்க்கையில் ஒருநாளும் செய்திராத வேலையாக, மூன்று விரலை உள்ளே விட்டார். சுட்டுவிட்டது. விரலை உதறினார். விடவில்லை, மறுபடி விட்டு, இறைச்சியைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனார். பாதி மேசையில் விழுந்தது. தாய்க்காரி சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டா.

மென்று விழுங்கிவிட்டு, நனைந்த கையை எங்களுக்கு உயர்த்திக் காட்டி, மகனிடம் ஏதோ கேட்டார். மகன் எங்கள் மகளிடம் சொன்னான்.

"இனிக் குச்சியாலை சாப்பிடலாமோ எண்டு கேக்கிறார், அப்பா."

"ஓமெண்டு சொல்லு," என்றார் இவர். "சம்மந்தியை வடிவாச் சாப்பிடச் சொல்லு."

மகள் பிரெஞ்சில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. என் பக்கம் திரும்பினாள்.

"சம்மந்தி எண்டா என்னம்மா?"

"உனக்கு மாமா," என்றேன். "அப்பாவுக்குச் சம்மந்தி."